ஒரே கேரட், இரண்டு ஜொலிப்பு: வைரத்தின் கோணக் கணக்கு

"கல்யாணத்துக்கு வைரத் தோடு எடுக்கப் போன இடத்தில் ஒரே கேரட், ஒரே நிறம், ஒரே தெளிவு என்று சான்றிதழ் உள்ள இரண்டு ரவுண்ட் கற்களைக் காட்டினார்கள். ஒன்று டாலடிக்கிறது, இன்னொன்று மங்கிக் கிடக்கிறது. ஏன்? பிரின்சஸ், குஷன், எமரால்டு என்றும் விதவிதமாக வைத்திருக்கிறார்கள். எந்த கட்டில், அதாவது பட்டை தீட்டும் முறையில், ஜொலிப்பு அதிகம்?" இதுதான் கேள்வி.

ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால் ரவுண்ட் பிரில்லியன்ட். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பிக் கடைக்குப் போனால் ஏமாந்து திரும்புவீர்கள். மோசமாக வெட்டிய ரவுண்ட், ஒழுங்காக வெட்டிய குஷனுக்குப் பக்கத்தில் நிற்காது. வடிவத்தின் பெயரை வைத்து கல் எந்த மாதிரி மின்னும் என்று சொல்லலாம். எவ்வளவு மின்னும் என்பதைக் கோணங்கள்தான் தீர்மானிக்கின்றன. கோணம் தவறிய கல்லைப் பார்த்தால் பட்டை தீட்டியவருக்குக் கைத்திறன் போதவில்லை என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. எடையைக் காப்பாற்றுவதற்காகத் தெரிந்தே செய்த வேலையாக இருக்கும்.

முதலில், நாம் ஜொலிப்பு என்று மொத்தமாகச் சொல்வதைப் பிரித்துக்கொள்வோம். மேலிருந்து உள்ளே போன வெளிச்சம் வெள்ளையாகவே கண்ணுக்குத் திரும்பி வந்தால் அது பிரில்லியன்ஸ். அதே வெளிச்சம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிந்து தெறித்தால் ஃபயர். கல்லோ தலையோ விளக்கோ அசையும்போது பட்டைகள் மாறி மாறி அணைந்து எரிவது சின்டிலேஷன். ஒரே கல் மூன்றிலும் உச்சத்தைத் தொடாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று கொஞ்சம் குறையும். வெவ்வேறு கட்கள் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கொஞ்சம் இயற்பியல். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.417. சாதாரணக் கண்ணாடிக்கு 1.5 அளவில்தான். எண் இவ்வளவு பெரிதாக இருப்பதால், வைரத்தின் மேற்பரப்பில் நேராகப் படும் ஒளியில் ஏறக்குறைய 17 சதவீதம் உள்ளே நுழையாமலே திரும்பிவிடுகிறது. கண்ணாடியில் இது 4 சதவீதம். வைரத்துக்கே உரிய அந்தக் கூர்மையான பளபளப்பு இப்படி வருவதுதான். மீதி 83 சதவீதம் உள்ளே போகிறது. கட் என்பது அந்த 83-ஐ என்ன செய்வது என்ற கேள்விக்கான விடை.

பிளஸ் டூவில் படித்த மாறுநிலைக் கோணம் நினைவிருக்கலாம். வைரத்துக்கு அது 24.4 டிகிரி. உள்ளே ஓடும் கதிர், ஒரு பட்டையின் செங்குத்துக் கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்து மோதினால் வெளியேற முடியாது. முழு அக எதிரொளிப்பு நடந்து உள்ளேயே திரும்பும். அதற்குக் குறைவான கோணத்தில் வந்தால் கசிந்து போய்விடும். ஆக, பட்டை தீட்டுகிறவருக்கு வேலை இரண்டு. மேலிருந்து வந்த கதிர் அடிப்பக்கச் சுவர்கள் இரண்டிலும் 24.4-க்கு மேல் மோத வேண்டும். பிறகு மேலே வரும்போது 24.4-க்குள் மோதி வெளியே வந்துவிட வேண்டும். அடியில் பூட்டு, மேலே திறப்பு.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வைரத்தின் அடிப்பாகத்துக்கு பெவிலியன் என்று பெயர். அதன் சுவர் கிடைமட்டத்திலிருந்து 40.75 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக இறங்கும் கதிர் முதல் சுவரில் 40.75 டிகிரியில் மோதும். தப்ப முடியாது. எதிர்ச்சுவரில் 57.75 டிகிரியில் மோதும். அங்கும் தப்ப முடியாது. அங்கிருந்து மேலே திரும்பும்போது நிமிர்ந்த கோட்டிலிருந்து 17 டிகிரி சாய்ந்து வரும். அது 24.4-க்குள் இருப்பதால் மேலே வெளியேறிக் கண்ணுக்கு வந்து சேரும்.

இப்போது அதே கணக்கை இயற்கை கொடுத்த வடிவத்தில் போடுங்கள். வைரப் படிகம் பெரும்பாலும் எண்முகம், அதாவது அடியோடு அடி ஒட்டிய இரண்டு பிரமிடு. அதன் முகங்கள் கிடைமட்டத்திலிருந்து 54.7 டிகிரி சாய்ந்தவை. உச்சியை மட்டும் தட்டையாகத் தேய்த்துவிட்டு, அடிப்பாகத்தை அப்படியே விட்டால் கிடைப்பது பழைய டேபிள் கட். நேராக இறங்கும் கதிர் முதல் சுவரில் 54.7 டிகிரியில் மோதித் திரும்பும். எதிர்ச்சுவரில் மோதும் கோணமோ 16 டிகிரிக்கும் குறைவு. கசிந்துவிடும். ஐரோப்பாவின் பழைய அரச குடும்பப் படங்களில் கழுத்திலும் மார்பிலும் வைரம் கருப்புச் சதுரமாக வரையப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓவியர் பார்த்ததைத்தான் வரைந்தார். அந்தக் கற்கள் அப்படித்தான் இருந்தன.

இயற்கை தருவது 54.7 டிகிரி, ஒளிக்குத் தேவை ஏறக்குறைய 41 டிகிரி. இடையில் உள்ளதைத் தேய்த்து எறிய வேண்டும். எறிவது வைரம். ஐந்நூறு வருட வைர வரலாற்றை இந்தச் சண்டை ஒன்றை வைத்தே எழுதிவிடலாம்.

முகலாயர் காலத்தில் நம் நாட்டில் எடையின் பக்கம்தான் மனசு சாய்ந்திருந்தது. பிரெஞ்சு வணிகர் தாவர்னியே எழுதி வைத்திருக்கும் செய்தி ஒன்று உண்டு. கிரேட் மொகல் என்ற பெரிய கல்லைத் தேய்த்த வெனிஸ்காரர் ஹொர்தென்சியோ போர்ஜியோ, எடையை ஏகத்துக்கும் குறைத்துவிட்டார் என்று கூலிக்குப் பதிலாக 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டி வந்ததாம். அப்படிப்பட்ட அரசவையில் யார் கோணத்துக்காகக் கல்லைக் கரைப்பார்கள்?

கோகினூருக்கு நடந்ததும் இதே கதைதான், எதிர்த்திசையில். பஞ்சாபைப் பிரிட்டிஷார் 1849-இல் இணைத்துக்கொண்ட பிறகு அது விக்டோரியா ராணியிடம் போனது. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் வைத்தார்கள். உலகத்தின் புகழ்பெற்ற வைரத்தைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். கேஸ் விளக்குகளைச் சுற்றி வைத்துப் பார்த்தும் பெரிதாக எடுபடவில்லை. காரணம் கல்லின் தரமல்ல. அது முகலாய முறையில், மேலே குவிமாடம் போல நிறையப் பட்டைகளும் அடியில் ஏறக்குறையத் தட்டையாகவும் தீட்டிய கல். தட்டையான அடியில் வெளிச்சம் நேராக மோதினால் திரும்ப வழியில்லை, மறுபக்கம் போய்விடும்.

விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட், ஒளியியல் அறிஞர் டேவிட் புரூஸ்டர் வரை ஆலோசனை கேட்டார். 1852-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கைதேர்ந்தவர்களை வரவழைத்து, நீராவி எந்திரத்தில் சுழலும் சக்கரத்தில் மறுபடி தீட்டினார்கள். முதல் பட்டையைத் தொடங்கி வைத்தவர் வாட்டர்லூ புகழ் வெலிங்டன் பிரபு. 38 நாள் வேலை. அந்நாளைய கணக்கில் 186 கேரட் என்று சொல்லப்பட்ட கல், 105.6 கேரட் நீள்வட்ட பிரில்லியன்ட்டாக வெளியே வந்தது. ஏறக்குறைய பாதி தூளாகப் போனது. வரலாற்றைத் தேய்த்துவிட்டார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஒளி கூடியது என்பதை மறுக்கவும் முடியாது.

அதுவரை எல்லாம் கைப்பழக்கமும் கண்மதிப்பும்தான். அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த ஹென்றி மோர்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் எடையை விட்டுக் கொடுத்து அழகுக்காகத் தீட்டத் தொடங்கினார். கணக்காக எழுதிக் காட்டியவர் மார்செல் டொல்கோவ்ஸ்கி. ஆண்ட்வெர்ப்பின் வைரக் குடும்பத்துப் பிள்ளை, லண்டனில் பொறியியல் படித்தவர். 1919-இல் அவர் சொன்ன அளவுகள்: மேல்தட்டான டேபிள், கல்லின் விட்டத்தில் 53 சதவீதம், மேல்பாகமான கிரவுன் 34.5 டிகிரி, பெவிலியன் 40.75 டிகிரி. நூறு வருடம் கழித்தும் நல்ல ரவுண்ட் கல்லின் எண்கள் இதைச் சுற்றியே நிற்கின்றன.

இதற்காக அவர் எண்ணைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ கணினியில் ஏராளமான அளவுச் சேர்க்கைகளை ஓட்டிப் பார்த்து, ஒரே ஒரு சிறந்த அளவு என்று எதுவும் இல்லை, பல சேர்க்கைகள் நன்றாக மின்னுகின்றன என்று கண்டது. ஆனால் கிரவுனும் பெவிலியனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். கிரவுன் கொஞ்சம் நிமிர்ந்தால் பெவிலியன் துளி படுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நிமிர்ந்தால் ஆபத்து. வியாபாரத்தில் இதற்கு ஸ்டீப் டீப் என்று பெயர். எடை தாங்கும், ஒளி கசியும்.

பெவிலியன் கோணம் எவ்வளவு பிடிவாதமானது என்று பாருங்கள். 39 டிகிரிக்கும் கீழே படுத்துவிட்டால் டேபிளுக்குள் வெள்ளை வளையம் ஒன்று தெரியும். கல்லின் இடுப்பான கர்டில் உள்ளே பிரதிபலிப்பதுதான் அது. ஃபிஷ் ஐ என்பார்கள். எதிர்ப்பக்கம், 45 டிகிரியை நெருங்க நெருங்க, நேராகப் போன கதிர் நேராகவே திரும்பி வரும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கல்லுக்கு நேர் மேலே இருப்பது உங்கள் தலை! தலையின் நிழல்தான் திரும்பி வந்து டேபிளின் நடுவில் கருப்பாக உட்காரும். இதற்கு நெயில்ஹெட் என்று பெயர். சில டிகிரி இடைவெளிக்குள் ஒரு வைரம் இப்படியும் அப்படியும் பாழாகலாம். நீங்கள் பார்த்த மங்கலான கல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். ஆழமாக விட்டால் எடை நிற்கும் அல்லவா? 92 சென்ட்டாக (ஒரு சென்ட் என்பது கேரட்டில் நூறில் ஒரு பங்கு) முடிய வேண்டிய கல்லை 1 கேரட்டாகக் காட்டினால் விலை ஒரேயடியாகத் தாவும்.

அதனால் எடையைப் பார்க்கும்போதே விட்டத்தையும் பாருங்கள். ஒழுங்கான 1 கேரட் ரவுண்ட், 6.4 அல்லது 6.5 மில்லிமீட்டர் இருக்கும். 6.1, 6.2 என்று போட்டிருந்தால் மீதி எடை அடியிலோ தடித்த கர்டிலிலோ ஒளிந்திருக்கிறது. காசு அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள்.

ஃபயருக்கு வருகிறேன். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வைரத்தின் ஒளிவிலகல் எண் சிவப்புக்கு 2.407, ஊதாவுக்கு 2.451. வித்தியாசம் 0.044. இதுதான் நிறப்பிரிகை அளவு. எல்லா வைரத்துக்கும் இதே எண்தான், ஆய்வகத்தில் வளர்த்த வைரமானாலும். அப்படியானால் ஒரு கல்லில் மட்டும் வானவில் ஏன் அதிகம்?

கதிர் எந்தச் சாய்வில் வெளியேறுகிறது என்பதில் இருக்கிறது விஷயம். உள்ளிருந்து 5 டிகிரியில் வந்து மோதி வெளியேறினால் சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவே விரிவு கால் டிகிரிகூட வராது. 17 டிகிரியில் வந்தால் ஒரு டிகிரி. 23 டிகிரியில், அதாவது மாறுநிலைக் கோணத்தை உரசிக்கொண்டு வெளியேறினால், மூன்று டிகிரிக்கும் மேல். வெளியேறும் பட்டை எவ்வளவு சாய்வாகக் கதிரைச் சந்திக்கிறதோ அவ்வளவு ஃபயர். கிரவுனில் சாய்வான பட்டைகள் வைப்பது இதற்குத்தான். டேபிள் பெரிதாகி, கிரவுன் தாழ்ந்த கல்லில் வெள்ளை வெளிச்சம் நிறைய வரும், நிறம் குறையும். டேபிள் சிறுத்து, கிரவுன் உயர்ந்த கல்லில் நிறம் கூடும்.

இந்த விரிவு கண்ணில் எப்படிப் படுகிறது என்பதும் சுவாரசியமானது. மோதிரத்தை 40 செ.மீ. தள்ளிப் பார்க்கிறீர்கள். ஒரு டிகிரி விரிவு அந்தத் தூரத்தில் 7 மில்லிமீட்டர் அகலமாகிவிடும். பகல் வெளிச்சத்தில் கண்பாவை 3 மில்லிமீட்டர் இருக்கலாம். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் கண்ணுக்குள் நுழையும். சிவப்பாகவோ பச்சையாகவோ தெறிக்கும். கால் டிகிரி விரிவென்றால் ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர்தான். எல்லா நிறமும் சேர்ந்தே கண்ணுக்குள் போய் வெள்ளையாகிவிடும். அதே கதிரை 2 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அந்தக் கால் டிகிரிகூட 8, 9 மில்லிமீட்டராக விரிந்துவிடும். உங்கள் காதிலிருக்கும் தோட்டின் ஃபயரை எதிரே உட்கார்ந்திருப்பவர் நன்றாகப் பார்க்கிறார் என்பதற்குக் கணக்கு இதுதான். மோதிரத்தைத் தேர்ந்தெடுக்கக் கையருகே வைத்துப் பார்க்கலாம். தோட்டை வேறொருவர் காதில் வைத்துப் பார்க்கச் சொல்லித் தள்ளி நின்று பாருங்கள்.

விளக்கும் சேர்ந்துதான் இந்த ஆட்டம். விளக்கு சிறு புள்ளியாக இருந்தால்தான் நிறங்கள் தனித்தனியே தெரியும். நீளமான டியூப் லைட்டிலும் மேகம் மூடிய வானத்திலும் ஓரிடத்துச் சிவப்பும் பக்கத்து இடத்து நீலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெள்ளையாகிவிடும். நகைக்கடை மேல்கூரையில் குட்டிக் குட்டி ஸ்பாட் லைட்டாக ஏன் பதித்திருக்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். அந்த வெளிச்சத்தில் சுமாரான கல்லும் டாலடிக்கும். கல்லை வாங்கி ஜன்னல் ஓரம் போங்கள், நேர் வெயில் படாத இடமாகப் பார்த்து. பிறகு கடைக்குள்ளேயே மேசைக்குக் கீழே நிழலில் பிடித்துப் பாருங்கள். அங்கேயும் உயிரோடு இருக்கிற கல்தான் கல்.

பழைய ஐரோப்பிய கட் முறையை இந்தப் பின்னணியில் பார்த்தால் அதன் அருமை தெரியும். ஓல்ட் மைன், ஓல்ட் யூரோப்பியன் என்று சொல்லப்படும் இவற்றில் டேபிள் சிறியது, கிரவுன் உயரம், அடிமுனையான கியூலெட்டைத் தட்டையாக விட்டிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் நடுவில் பொட்டுப் போலத் தெரியும். பட்டைகளும் அகலமானவை. மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு என்று மங்கிய அறையில் சிறு சுடர்கள் எரியும் சூழலில் இந்தக் கற்கள் பெரிய பெரிய நிறத் துண்டுகளாக ஒளி விடும். இன்றைய அலுவலக விளக்கில் கொஞ்சம் தூக்கம்தான். பாட்டியின் நகையில் இப்படிப்பட்ட கல் இருந்தால், நவீன ரவுண்டாக மாற்றித் தீட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எடையும் போகும், திரும்பக் கிடைக்காத ஒரு ஒளியும் போகும்.

ரோஸ் கட் வேறு கதை. அடி தட்டை, பெவிலியனே கிடையாது. அதனால் உள்ளிருந்து திரும்பும் ஒளி குறைவு. மேற்பரப்பின் பளபளப்புதான் அதன் அழகு. ஜெய்ப்பூர்ப் பக்கத்துக் குந்தன் வேலையில் பதிக்கும் போல்கி என்ற தட்டையான வைரத்துக்கும் இதே நிலை. அடியில் மெல்லிய தகடு வைத்து மூடிப் பதிப்பது அலங்காரத்துக்கு மட்டுமல்ல. கல் செய்யாத எதிரொளிப்பை அந்தத் தகடு செய்கிறது. ஈரமோ புகையோ பட்டுத் தகடு கறுத்தால் கல்லும் கறுத்த மாதிரிதான்.

நவீன ரவுண்ட் பிரில்லியன்ட்டில் 57 பட்டை, கியூலெட்டையும் சேர்த்தால் 58. எட்டுத் திசையிலும் ஒரே மாதிரி என்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒளி சீராகத் திரும்பும். மற்ற வடிவங்களை விட இது முந்துவது இந்தச் சமச்சீரால்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கல் முழுக்க வெள்ளையாக ஒளிர்ந்தால் அது அழகாக இருக்காது. வெறும் வெள்ளைத்தாளை விடச் சதுரங்கப் பலகை கண்ணைப் பறிப்பது போல, வெளிச்சத்துக்கு நடுவே கருப்பும் சரியான அளவில் வேண்டும். நல்ல ரவுண்டை நேர் மேலிருந்து பார்த்தால் எட்டு அம்பு தெரிவது அந்தக் கருப்புதான். ஹார்ட்ஸ் அண்ட் ஆரோஸ் என்று தனி விலை போட்டு விற்கிறார்கள். அம்பு தெரிந்தால் பட்டைகள் நேர்த்தியாக எதிரெதிர் அமைந்திருக்கின்றன என்று அர்த்தம். கோணமும் சரியென்று அது உறுதி சொல்லாது. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

பிரின்சஸ் சதுரமானது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவியது. எண்முகக் கல்லோடு ஒத்துப்போகும் வடிவம் என்பதால் ரவுண்டை விட வெட்டிக் கழிவது குறைவு, விலையும் குறைவு. ஊசி ஊசியாக நிறையச் சிறு மினுக்கங்கள் தரும். ஆனால் ஆழம் அதிகம், மேலிருந்து பார்க்கும்போது அதே எடை ரவுண்டை விடச் சின்னதாகத் தெரியும். நான்கு முனையும் உடையக்கூடியவை, முனைகளை மூடிப் பதிப்பது அவசியம்.

மூலைகள் உருண்ட குஷனிலும் மூலைகள் வெட்டிய ரேடியன்ட்டிலும் இரண்டு சாதி உண்டு, கடைக்காரர் சொல்ல மாட்டார். ஒன்று, பட்டைகள் பெரிதாக, பழைய கற்கள் போல அகலமாக ஒளி விடுவது. மற்றொன்று கிரஷ்டு ஐஸ்: உடைத்த ஐஸ் கட்டி போல உள்ளே பொடிப்பொடியாக மினுங்கும். முதல் பார்வைக்கு இது கவர்ச்சியாக இருக்கும். மினுக்கம் ஒவ்வொன்றும் மிகச் சிறியது என்பதால் கண்ணால் நிறத்தைப் பிரித்தறிய முடியாது. ஃபயர் காணாமல் போகும். ஒளி உள்ளே நெடுநேரம் சுற்றுவதால் கல்லின் நிறமும் கூடித் தெரியும். மஞ்சள் வைரத்தை இந்த வடிவங்களில் தீட்டுவது அதனால்தான். வெள்ளைக் கல் தேடுகிறவர்களுக்கு அதே குணம் எதிரியாகும். எனக்குக் கிரஷ்டு ஐஸ் பிடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது ரசனை, சட்டமில்லை.

ஓவல், பேர் (கண்ணீர்த்துளி வடிவம்), மார்க்கீஸ் (இரு முனையும் கூரானது) ஆகிய நீள வடிவங்கள் ஒரே எடைக்குப் பெரிதாகத் தெரியும், விரலையும் நீட்டிக் காட்டும். குறை ஒன்று: நடுவில் குறுக்காக, கழுத்துப் பட்டை முடிச்சு போன்ற கருப்பு நிழல் விழும். போ டை என்பார்கள். பார்ப்பவர் தலையின் நிழல்தான் இதுவும். கொஞ்சம் இருந்தால் குற்றமில்லை. கல்லை ஆட்டினாலும் அசையாமல் அங்கேயே கிடந்தால் வேண்டாம். இது சான்றிதழில் எழுதியிருக்காது; கண்ணால் பார்க்காமல் இந்த வடிவங்களை வாங்கவே கூடாது.

செவ்வக எமரால்டு கட்டிலும் சதுர ஆஷர் கட்டிலும் பட்டைகள் படிக்கட்டாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். சின்னச் சின்ன மினுக்கம் இதில் எதிர்பார்க்காதீர்கள். நீளமான பட்டை ஒன்று முழுதாகப் பளிச்சென்று எரிந்து, அணைந்து, அடுத்தது எரியும். பிரில்லியன்ஸ் ரவுண்டை விடக் குறைவுதான். ஆனால் கையை மெல்ல அசைக்கும்போது வரும் அந்த அகலமான வெட்டு வேறெதிலும் வராது. ஆம்ஸ்டர்டாமின் ஆஷர் குடும்பம் 1902-இல் உருவாக்கிய சதுர வடிவத்தில் கிரவுன் உயரம், டேபிள் சிறிசு. அதனால் படிக்கட்டு வகைகளில் ஃபயர் சற்று அதிகம். 3,106 கேரட் கலினன் கல்லை 1908-இல் பிளந்ததும் இந்தக் குடும்பம்தான். இந்த வகையில் ஒரு எச்சரிக்கை: திறந்த ஜன்னல் மாதிரி உள்ளே எல்லாம் தெரியும். ரவுண்டில் மினுக்கத்துக்குள் மறையும் கரும்புள்ளி இங்கே மறையாது. தெளிவுக்குக் கொஞ்சம் கூடவே செலவழிக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் கேட்கும் முதல் கேள்வி "ப்ளூ ஜாகர்தானே?" என்பது. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெயின் சுரங்கத்திலிருந்து வந்த, நீலம் பாய்ந்த வெள்ளைக் கற்களின் பெயர் தலைமுறை தாண்டி இங்கே நிலைத்துவிட்டது. அது நிறத்தைப் பற்றிய பேச்சு. ஜொலிப்பைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை. நிறத்துக்கு ஒரு கேள்வி கேட்டால் கோணத்துக்கு இரண்டு கேளுங்கள். அமெரிக்கன் டைமண்டை, அதாவது க்யூபிக் சிர்கோனியாவை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வானவில் வைரத்தை விட அதிலேயே அதிகம் அடிக்கும். அதன் நிறப்பிரிகை 0.06. வைரத்துக்கு மாற்றாக விற்கும் இன்னொரு கல்லான மொய்சனைட்டுக்கு 0.104. திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பட்டறை போட்டுச் செயற்கைக் கல் தீட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நிறம் அளவுக்கு மீறித் தெறித்தால் சந்தேகப்படுவது பழைய கண்களின் வழக்கம்.

சான்றிதழில் என்ன பார்க்கலாம்? ஜிஐஏ 2006 முதல் ரவுண்டுக்கு எக்ஸலென்ட்டில் தொடங்கி புவர் வரை ஐந்து படிகளில் கட் தரம் தருகிறது. எக்ஸலென்ட் என்ற படி அகலமானது. அதன் ஓரத்தில் நிற்கும் ஸ்டீப் டீப் கல்லும் உண்டு, நடுவில் நிற்கும் தங்கமான கல்லும் உண்டு. ஆகவே சான்றிதழில் உள்ள படத்தில் எண்களைப் படியுங்கள். டேபிள் 54 முதல் 58 வரை, கிரவுன் 34 முதல் 35 வரை, பெவிலியன் 40.6 முதல் 41 வரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம். பெவிலியனை 0.2 டிகிரிக்கு முழுமைப்படுத்தித்தான் அச்சிடுகிறார்கள், 40.75 அங்கே 40.8 ஆகத் தெரியும். கிரவுன் 36, பெவிலியன் 41.4 என்று இரண்டும் ஏறியிருந்தால் தரம் என்ன போட்டிருந்தாலும் அடுத்த கல்லைக் கேளுங்கள். ரவுண்ட் அல்லாத வடிவங்களுக்குப் பெரும்பாலும் பாலிஷ், சிமெட்ரி மட்டும்தான் போட்டிருப்பார்கள். இரண்டும் எக்ஸலென்ட் என்பதால் கல் மின்னும் என்று பொருளில்லை. தவறான கோணத்தில் அழகாகப் பாலிஷ் போட்டிருக்கலாம்.

ஏழு கல் தோடு, பேசரி என்று சிறு கற்கள் எடுக்கிறவர்களுக்குத் தனிச் சான்றிதழ் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே ஒற்றைக் கல்லை விட ஒற்றுமை முக்கியம். தோட்டை மெல்ல ஆட்டினால் ஏழும் சேர்ந்து எரிந்து அணைய வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் மங்கி நின்றால் சேர்க்கை சரியில்லை. இரண்டு மூன்று சென்ட்டுக்கும் கீழான கல்லில் 57 பட்டை போட்டால் மினுக்கங்கள் பொடியாகிவிடும். பழைய 17 பட்டை சிங்கிள் கட் அந்த அளவில் இன்னும் தைரியமாக எரியும். இப்போது அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கடைசியாக, வாங்கிய பிறகு. நல்ல கல்லை மந்தமாக்க மிக எளிய வழி எண்ணெய். காற்றோடு ஒட்டியிருக்கும்போது பெவிலியன் சுவரின் மாறுநிலைக் கோணம் 24.4. தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயும் சோப்பும் பின்பக்கம் படிந்துவிட்டால் அது 37 டிகிரிக்கு அருகே போய்விடும். நேராக இறங்கும் கதிர் மோதுவது 40.75-இல். 16 டிகிரி இடம் இருந்த இடத்தில் ஏறக்குறைய நான்குதான் மிஞ்சும். கொஞ்சம் சாய்ந்து வரும் கதிரெல்லாம் கசிந்துவிடும். முகம் பார்க்கும் மேல்பக்கத்தைத் துடைத்துப் பயனில்லை. அடிப்பக்கத்தைத்தான் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தோட்டை அரைமணி நேரம் ஊறப்போட்டு, மென்மையான பழைய டூத் பிரஷ்ஷால் பின்பக்கத் துளை வழியாகத் தேய்த்து அலசுங்கள். தகடு வைத்து மூடிப் பதித்த நகையை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள். பின்பக்கம் திறந்திருக்கும்படி கல்லைப் பதிக்கச் சொல்லி வாங்கினால் இந்த வேலை சுலபம். ஆர்டர் கொடுக்கும்போதே ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.